பல பொறிகளுக்கும் ஒரே நிரல்

(வெள்ளி விழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில் பேச எங்களை அழைத்தபோது, வேலைவாய்ப்புகளைப் பற்றிப் பேசலாமே என்று நண்பர் சிலர் கூறினர். அதனைக் கூற இங்கே தகுதியுடையோர் பலர் உளர். நாங்கள் எங்கள் அன்றாடத் தொழிலிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கணிப்பொறித் திரையில் எழுத்தையும் படத்தையும் தோன்றச் செய்யும் டிரைவர் என்னும் நிரலை, எந்தப் பொறியிலும் பிழையின்றி இயங்குமாறு சி மொழியில் எழுதுவது எவ்வாறு என்பதே அப்பொருள். கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினும், பூக்கடையையும் பந்தியையும் அறிந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

டிரைவர் என்பது யாது?

கணிப்பொறிக்குள் வரைகலை அட்டை என்றொரு பகுதி உண்டு. அதற்கெனத் தனி நினைவகமும், கட்டளைகளை ஏற்கும் பதிவேடுகளும் உள்ளன. "இங்கே ஒரு கோடு வரை" என்று நாம் எழுதும் நிரல் கேட்கிறது. அந்த வேண்டுகோளை அட்டைக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவதே டிரைவரின் பணி. டிரைவர் இல்லையேல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அட்டையாயினும் அது வெறும் தகடே.

அட்டையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஓர் இயங்குதளத்திற்கு மட்டும் டிரைவர் எழுதித் தருவர். சில ஆண்டுகளில் புதிய அட்டை சந்தைக்கு வந்ததும் பழையதைக் கவனிப்பதை நிறுத்திவிடுவர். அட்டை கெடவில்லை, ஆயினும் புதிய இயங்குதளத்தில் அது வேலை செய்யாது. புதிது வாங்க வசதியுள்ளோர் வாங்குவர். பழைய பொறியையே நம்பிப் படிக்கும் மாணவனும், தானமாகப் பெற்ற கணிப்பொறிகளைக் கொண்டு நடக்கும் படிப்பகமும் என் செய்வது? டிரைவரின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருந்து, அது ஒரு பொறியோடு மட்டும் கட்டுண்டு கிடக்காமலும் இருந்தால், வேறொருவர் அதனை எடுத்து உயிர் கொடுக்க முடியும். எனவேதான் இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நாங்கள் கருதுவதில்லை.

சி மொழியின் வரலாறு

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1973-ஆம் ஆண்டில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு பொறியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டு வந்தன. பொறி மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் யூனிக்ஸை பிடிபி-11 என்னும் 16 பிட் பொறியிலிருந்து, அதனின் முற்றிலும் வேறுபட்ட இன்டர்டேட்டா 8/32 என்னும் 32 பிட் பொறிக்குக் கொண்டுசென்றனர். அந்த அனுபவத்தை 1978-இல் கட்டுரையாகவும் வெளியிட்டனர்.

சி மொழியில் எழுதிவிட்டதாலேயே ஒரு நிரல் எங்கும் இயங்கிவிடும் என்று எண்ணிவிடலாகாது. வேகத்தை முன்னிட்டு, பல முடிவுகளை அந்தந்தப் பொறியின் விருப்பத்துக்கே சி மொழி விட்டுவைத்துள்ளது. நாம் நம் மேசைமீதுள்ள பொறியின் வழக்கத்தையே உலக வழக்கமாக எண்ணி எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லப்படாத எண்ணந்தான், நிரலை ஒரே பொறியோடு கட்டிப்போடும் கயிறு.

முழமும் மீட்டரும்

பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டு வாங்குகிறோம். கை நீண்டவர் அளந்தால் பூ கூடும். கை குறுகியவர் அளந்தால் குறையும். இரண்டுக்கும் பெயர் முழமே. சி மொழியின் 'லாங்' என்னும் எண் வகையும் அத்தகைய முழமே ஆகும். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்டு; 64 பிட் விண்டோஸில் 4 பைட்டே. பொறியும் செயலியும் ஒன்றாகவே இருக்கலாம். இயங்குதளம் மாறியதும் அளவு மாறிவிடுகிறது. ஒரு நினைவக முகவரியை 'லாங்' வகையில் வைத்துக்கொண்ட டிரைவர், லினக்ஸில் பல ஆண்டுகள் நன்றாக ஓடும். விண்டோஸுக்குச் சென்றவுடன் முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போகும்.

'சார்' என்னும் வகை இன்னும் வஞ்சகமானது. அதன் அளவு மாறாது. ஆனால் குறைமதிப்பை ஏற்குமா, ஏற்காதா என்பது மாறும். இன்டெல் வகைச் செயலியுள்ள லினக்ஸில் அது குறைமதிப்பை ஏற்கும். ஆர்ம் செயலியுள்ள லினக்ஸில் ஏற்காது. ஒரு நிறத்தின் அளவு 200 என்று அதில் இட்டால், ஆர்மில் 200 ஆகவே நிற்கும். இன்டெலில் 256 கழிந்து -56 ஆகிவிடும். இரு நிறங்களைக் கலக்கும் கணக்கில் இதன் விளைவு என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மருந்து 1999-ஆம் ஆண்டின் சி தரத்திலேயே வந்துவிட்டது. 8, 16, 32, 64 பிட்டு என்று பெயரிலேயே அளவைச் சொல்லும் எண் வகைகளை அத்தரம் வகுத்தது. இவை முழம் அல்ல, மீட்டர். அட்டையோடும் கோப்போடும் பிற நிரல்களோடும் பேசும் இடங்களிலெல்லாம் மீட்டரையே பயன்படுத்த வேண்டும். நம் நிரலுக்குள் சுற்றும் சிறு எண்ணிக்கைகளுக்கு முழம் போதும்.

வெள்ளை மஞ்சளான கதை

நாங்கள் செய்த பிழை ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுவது கடமை. சில ஆண்டுகளுக்கு முன், திரைக்கு நேரடியாகப் படம் அனுப்பும் சிறு நிரலொன்றை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். எங்கள் பொறிகளில் அது அழகாக ஓடியது. நண்பர் ஒருவர் பவர்பிசி செயலி கொண்ட பழைய கணிப்பொறியில் அதனை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் வெள்ளைத் திரை இங்கே மஞ்சளாக இருக்கிறதே" என்றார். சிவப்புப் பச்சையாகவும், பச்சைச் சிவப்பாகவும் மாறியிருந்தன. நீலமோ கறுத்துப் போயிருந்தது. அட்டை பழுது என்று முதலில் நாங்கள் சாதித்தோம். இரண்டு இரவுகள் கழித்தே பழுது எங்களிடம் என்பது தெரிந்தது.

காரணம் இதுதான். நம் நாட்டில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். ஆண்டை முதலில் எழுதும் நாடுகளும் உள. பல பைட்டுகள் கொண்ட எண்ணை நினைவகத்தில் வைக்கும்போதும் இவ்வாறே இரு வழக்கங்கள் உண்டு. இன்டெல் செயலி எண்ணின் கடைசிப் பைட்டை முதலில் வைக்கும். அந்தப் பழைய பவர்பிசி பொறி முதற்பைட்டை முதலில் வைக்கும். 1980-ஆம் ஆண்டில் டேனி கோஹன் என்னும் அறிஞர், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்டுக்கொள்ளும் கல்லிவர் கதை மாந்தரை நினைவூட்டி, இவ்விரு வழக்கங்களுக்கும் சிறுமுனை, பெருமுனை என்று பெயர் சூட்டினார். வரிசை மாறினால் 'யூனிக்ஸ்' என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள் இடம் மாறி 'நக்ஸி' என்று வரும். ஆகையால் தொழிலில் இதனை நக்ஸி சிக்கல் என்றும் கூறுவதுண்டு.

எங்கள் நிரலில் ஒரு திரைப்புள்ளி 32 பிட் எண். மேலிருந்து கீழாக வெற்றிடம், சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு பைட்டுகள். அட்டையோ நினைவகத்தில் நீலம், பச்சை, சிவப்பு, வெற்றிடம் என்ற வரிசையை எதிர்பார்த்தது. சிறுமுனைப் பொறியில் இரண்டும் தாமாகவே பொருந்தின. பெருமுனைப் பொறியில் வரிசை வெற்றிடம், சிவப்பு, பச்சை, நீலம் என்றே அமைந்தது. எனவே அட்டை, வெற்றிடத்தை நீலமென்றும், சிவப்பைப் பச்சையென்றும், பச்சையைச் சிவப்பென்றும் படித்தது. நீலத்தை வெற்றிடமாகக் கருதி விட்டுவிட்டது. வெள்ளையில் மூன்று நிறங்களும் உண்டு. அதிலிருந்து நீலம் நீங்கினால் மிஞ்சுவது மஞ்சள். கணக்கு அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியது.

திருத்தமும் எளிதே. எண்ணை அப்படியே நினைவகத்தில் கொட்டாமல், நீலத்தைப் பிரித்து முதற்பைட்டிலும், பச்சையை இரண்டாவதிலும், சிவப்பை மூன்றாவதிலும் தனித்தனியே வைத்தோம். இவ்வாறு எழுதினால் பொறி எம்முனையினது என்று நிரல் கேட்கவே வேண்டியதில்லை. இதனால் வேகம் குறையுமே என்பீர்கள். இன்றைய கம்பைலர்கள் இத்தகைய அடுத்தடுத்த வரிகளைக் கண்டு, இயலுமிடத்தில் தாமே ஒன்றாக்கிவிடுகின்றன. லினக்ஸின் வரைகலைப் பகுதியிலும் திரைப்புள்ளி வடிவங்கள் யாவும் சிறுமுனை வரிசையில் என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசையை வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

படிவத்தில் விடப்படும் வெற்றுக் கட்டங்கள்

ஒரு நிரல் டிரைவரிடம் வேண்டுகோளை ஒரு படிவம்போல் நிரப்பித் தருகிறது. முதலில் 32 பிட் எண் ஒன்று, அடுத்து 64 பிட் எண் ஒன்று எனக் கொள்வோம். கூட்டினால் 12 பைட்டு. ஆனால் 64 பிட் இன்டெல் லினக்ஸில், 64 பிட் எண் எட்டால் வகுபடும் இடத்தில்தான் அமர வேண்டும் என்பது விதி. எனவே கம்பைலர் இடையில் 4 பைட்டு வெற்றிடம் விட்டுப் படிவத்தை 16 பைட்டாக்கும். 32 பிட் இன்டெலில் அவ்விதி இல்லை. அங்கே 12 பைட்டே. 32 பிட் பழைய நிரலொன்று 64 பிட் இயங்குதளத்தில் ஓடும்போது, ஒருவர் நான்காம் கட்டத்தில் எழுதியதை மற்றவர் எட்டாம் கட்டத்தில் தேடுவார். அலுவலகத்தில் படிவம் மாறிப்போனவர் படும் பாடுதான்.

இதற்கெனச் சில விதிகளை லினக்ஸின் வரைகலை டிரைவர்களை எழுதுவோர் தம் பட்டறிவால் வகுத்து, ஆவணமாகவே வைத்துள்ளனர். அளவு குறித்த எண் வகைகளையே பயன்படுத்துக. வெற்றிடத்தைக் கம்பைலரிடம் விடாமல் நாமே பெயரிட்டு எழுதுக. முகவரியை எப்போதும் 64 பிட் எண்ணாகவே அனுப்புக. படிவத்தின் மொத்த நீளம் எட்டால் வகுபடுமாறு அமைக்க என்பன அவற்றுள் சில. 2011-ஆம் ஆண்டின் சி தரம் வேறொரு வசதியையும் தந்தது. "இப்படிவம் 16 பைட்டே" என்று நிரலிலேயே எழுதி வைத்தால், அளவு மாறும் பொறியில் கம்பைலர் அதனை ஏற்க மறுத்து நின்றுவிடும். பயனர் திரையில் தோன்றவேண்டிய பிழை, எழுதியவர் மேசையிலேயே பிடிபடுகிறது.

இலை போடுமுன் பந்திக்கு அழைத்தல்

இன்னொரு பிழை உண்டு. கண்டுபிடிக்க மிகக் கடினமானது. டிரைவர் தன் கட்டளைகளை நினைவகத்தில் வரிசையாக எழுதுகிறது. பிறகு அட்டையின் பதிவேடு ஒன்றில் எழுதி, "வந்து எடுத்துக்கொள்" என்று அழைக்கிறது. இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பந்திக்கு அழைப்பது போன்றது இது. ஆனால் ஆர்ம், பவர் போன்ற செயலிகள் வேகத்திற்காக எழுத்துகளின் வரிசையை மாற்றிக்கொள்ளக் கூடும். அழைப்பு முந்திப் போய், அட்டை வந்து பார்க்கையில் இலையில் ஒன்றும் இராது, அல்லது பழைய சோறு இருக்கும். இன்டெல் செயலியில் வரிசை பெரும்பாலும் காக்கப்படுவதால், அங்கே சோதித்தவருக்கு இப்பிழை தென்படாது. சி மொழியின் 'வாலடைல்' என்னும் சொல் கம்பைலரைக் கட்டுப்படுத்துமேயன்றிச் செயலியைக் கட்டுப்படுத்தாது. எழுதியவை யாவும் போய்ச்சேர்ந்த பின்னரே அடுத்தது என்று ஆணையிடும் தடுப்புக் கட்டளையை, இயங்குதளம் தரும் பெயரில் முறையாக இட வேண்டும்.

நினைவகப் பக்கத்தின் அளவும் இப்படித்தான். இன்டெல் வகையில் அது 4 கிலோபைட்டு என்று பழகிவிட்டோம். 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 பொறியில் வழக்கமான பக்கம் 16 கிலோபைட்டு. பவர் செயலியின் லினக்ஸ் பலவற்றில் 64 கிலோபைட்டு. 4096 என்ற எண்ணை நிரலில் நேரடியாக எழுதிவைத்தவர், அட்டையின் பக்கத்தையும் செயலியின் பக்கத்தையும் ஒன்றெனக் குழப்பிவிடுவார்.

எல்லைக் கோடு

இத்தனை வேறுபாடுகளையும் நிரல் முழுதும் தூவிவிட்டால் யாராலும் படிக்க இயலாது. எனவே பொறியைச் சார்ந்தது ஒருபுறம், சாராதது மறுபுறம் என்று எல்லை வகுக்க வேண்டும். இதற்குச் சிறந்த சான்று மேசா. பிரையன் பால் 1993-இல் தொடங்கி 1995-இல் வெளியிட்ட இவ்வரைகலைத் தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் சி மொழியில் உள்ளது. அதன் கேலியம் அமைப்பில், வரைகலை விதிகள் ஒரு பகுதி, அட்டையின் நுட்பம் ஒரு பகுதி, இயங்குதளத்தோடு பேசுவது ஒரு பகுதி எனப் பிரிவினை உண்டு. ஆகவே லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், விண்டோஸ், ஹைக்கூ என்னும் பல தளங்களில் அது இயங்குகிறது.

ஃப்ரீபிஎஸ்டி நண்பர்கள் வேறு வழி கண்டனர். லினக்ஸின் வரைகலை டிரைவர்களைத் திருத்தி எழுதாமல், அவை எதிர்பார்க்கும் லினக்ஸ் செயற்கூறுகளைத் தம் தளத்தில் அமைத்துக் கொடுத்தனர். நெட்பிஎஸ்டியில், அட்டையின் பதிவேட்டைத் தொடும் செயல் யாவும் ஒரு பொதுவாயில் வழியே நடக்கும். வாயிலுக்கு அப்பால் எந்தச் செயலி உள்ளது என்பது டிரைவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அட்டை செய்வோரும் இதனை ஓரளவு உணர்ந்தனர். பழைய அட்டைகளில், தொடக்கத்தில் அவற்றை எழுப்பும் நிரல் இன்டெல் செயலியின் மொழியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. வேறு செயலி கொண்ட பொறியில் அது ஓடாது. எனவே எக்ஸ்ஃப்ரீ86 குழுவினர், இன்டெல் செயலிபோல் நடிக்கும் நிரலொன்றைத் தம் தொகுப்பில் வைத்து, அதன்மூலம் அட்டையை எழுப்பினர். பின்னாளில் ரேடியான் அட்டைகளில் ஆட்டம்பயாஸ் என்ற முறை வந்தது. அதில் அட்டையை எழுப்பும் கட்டளைகள், எச்செயலியின் மொழியும் அல்லாத பொதுக்குறிகளாக எழுதப்பட்டன. அக்குறிகளைப் படிக்கும் சிறு நிரலை சி மொழியில் எழுதிவிட்டால் எங்கும் வேலை முடிந்தது.

இளைஞர்களுக்கு

"இன்று ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் சிறுமுனையே, 64 பிட்டே. பின் இவ்வளவு கவலை எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஐபிஎம்மின் பெரும்பொறிகள் இன்றும் பெருமுனையே என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரே வகைதான் என்று உலகம் எண்ணிய ஒவ்வொரு காலத்திலும் புதியதொன்று வந்துள்ளது. ஆர்ம் வந்தது; இப்போது ஆர்.ஐ.எஸ்.சி-5 வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தொடங்கப்பட்ட சக்தி செயலித் திட்டம் அந்த ஆர்.ஐ.எஸ்.சி-5 விதிகளின்படி அமைந்ததே. முன்னரே எல்லைக் கோடு வகுத்து எழுதப்பட்ட டிரைவர்கள் இத்தகைய புதிய செயலிகளுக்குச் சிறு உழைப்பில் வந்து சேரும். அவ்வாறு எழுதப்படாதவை வாரா. 2022-இல் லினக்ஸின் மையப் பகுதிக்குள் ரஸ்ட் மொழியும் இடம் பெற்றுவிட்டது. ஆயினும் பைட்டின் வரிசையும் படிவத்தின் அளவும் மொழி மாறியதால் மாறிவிடுவதில்லை.

பழகத் தொடங்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மூலநிரல்கள் யாவரும் படிக்கத் திறந்துள்ளன. ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003-இல் வெளியிட்ட கியூஎமு என்னும் நிரல், உங்கள் சாதாரணப் பொறிக்குள்ளேயே பெருமுனைப் பவர்பிசி பொறியொன்றை நடித்துக் காட்டும். நீங்கள் எழுதும் சிறு நிரலை அதிலும் ஒருமுறை ஓட்டுங்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுதும் திறந்துவைத்து, ஒவ்வொன்றின் பொருளையும் அறிந்த பின்னரே அடுத்த வரிக்குச் செல்லுங்கள். 32 பிட்டாகவும் 64 பிட்டாகவும் தொகுத்துப் பாருங்கள். நிறங்கள் மாறாமல் வந்தால் மகிழுங்கள். மாறினால் அதனினும் மகிழுங்கள், ஏனெனில் உங்களுக்கே தெரியாமல் நீங்கள் கொண்டிருந்த ஓர் எண்ணம் அன்று வெளிப்பட்டுவிட்டது.

"என் பொறியில் ஓடுகிறதே" என்பது எங்கள் தொழிலில் அடிக்கடி கேட்கும் சொல். எங்கள் மஞ்சள் திரைக்கு நாங்களும் அதையே கூறினோம். தன் முழத்தையே உலகின் அளவெனக் கொண்டவன் எழுதிய நிரல், அவனைப் போன்ற வசதியுடையோர் வீட்டில் மட்டுமே ஓடும். மற்றவர் வாயிலில் நிற்பர். அவர்கள் நிற்பது எழுதியவனுக்குத் தெரியவும் தெரியாது. அந்த நண்பரிடம் பழைய பொறி இல்லாதிருந்தால் எங்களுக்கும் தெரிந்திராது. நீங்கள் எழுதும் நிரலின் முன் அப்படி ஒருவரும் நிற்கலாகாது என்னும் உறுதியோடு இக்கலையைக் கற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.